இரும்புத் துண்டை வைத்து இழுத்தால் போதாதா? காட்பாடி ஜாம் நைட்டில் கேட்ட ஸ்டீல் கிட்டார்

கேள்வி: 17 நவம்பர் 2024, காலை 9.40

நேற்று காட்பாடி காந்தி நகர் மொட்டை மாடியில் எல்லாரும் கூடி வாசிக்கிற ஜாம் நைட்டுக்கு நானும் வந்திருந்தேன். எல்லாரும் அந்த ஸ்டீல் கிட்டார் பெரியவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு இரும்புத் துண்டால் இழுக்கிறார், அவ்வளவுதானே? வீணை, வயலின் மாதிரி விரல் வேலை ஒன்றும் இல்லை. யார் இழுத்தாலும் அந்த அழுகைச் சத்தம் வரும். இதில் என்ன வித்தை இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

17 நவம்பர், காலை 11.15

நேற்று அங்கே மைக் செட் போட்டது நான்தான். மிக்சர் அவருக்கு மூன்றடி தள்ளி இருந்தது. அதனால் நீங்கள் பின்வரிசையில் பார்க்காததை நான் பார்த்தேன்.

சாதாரண கிட்டாரில், கழுத்தில் பதித்த இரண்டு கட்டைக்கு (ஃப்ரெட்டுக்கு) நடுவில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்கும். கட்டை அதைப் பார்த்துக்கொள்ளும். இவருடைய கிட்டாரில் தந்தி பலகையைத் தொடுவதே கிடையாது, ஒரு விரல்கடை உயரத்தில் நிற்கிறது. கீழே இருக்கிற கட்டை வெறும் அடையாளக் கோடு. 'பார்' என்கிற அந்த இரும்புத் துண்டு கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளினால் காது சொல்லிவிடும். 25 அங்குலத் தந்தியில் முதல் கட்டம் மூன்றரை செ.மீ. அகலம். மேலே போகப் போகச் சுருங்கி 12-ஆம் கோட்டைத் தாண்டினால் அதில் பாதி. அதாவது கை மேலே போகிற ஒவ்வொரு தடவையும் வேறு அளவுகோலில் அளக்க வேண்டும். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. பாடுகிறவர்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் வேலை இல்லை என்றீர்கள். இடது கையில் பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திமேல் படுத்தபடியே கூட வருகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பாருக்குப் பின்பக்கத்துத் தந்தியும் அதிர்ந்து கரகரவென்று ஒரு அசிங்கமான சத்தம் எழும்பும். வலது கையில் மீட்டுவதற்கு மூன்று பிக் (விரலில் மாட்டுகிற நகம்). அதோடு உள்ளங்கை ஓரம், ஒரு சுரம் முடிந்து அடுத்தது வருவதற்குள் பழையதைத் தொட்டு அணைக்கிறது. அணைக்காவிட்டால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒழுகிக் குழம்பாகிவிடும். நீங்கள் கேட்டது அழுகை. நான் பார்த்தது, எங்கே அழுகையை நிறுத்த வேண்டும் என்று அந்தக் கை எடுத்த முடிவுகளை.

இன்னொன்று. முதல் பாட்டில் சத்தம் கொஞ்சம் குத்தியது, நான் ட்ரெபிளை, அதாவது கீச்சுப் பக்கத்துச் சத்தத்தை, குறைத்தேன், இதமாக வந்தது. பாட்டின் நடுவில் அவர் வலது கையை மெல்ல, தந்தி முடிகிற பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினார். சுரத்துக்கு ஒரு கூர் கிடைத்தது. சரணத்துக்கு வேறு நிறம் கொடுக்கிறார் என்று சிலிர்த்துப் போனேன். இப்படி யோசித்து வாசிக்கிறவரை நான் இந்த ஊரில் கேட்டதில்லை.

17 நவம்பர், இரவு 10.50

கார்த்திகை பிறந்ததால் ஐயப்ப பூஜை வேலைக்கு ஓடிவிட்டேன், இப்போதுதான் வந்தேன். பெரியவர் யார் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் போட மாட்டேன், அவரிடம் அனுமதி வாங்கவில்லை. எப்படி வந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் பாதி போர்டு வங்காளத்தில் இருக்கும். மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசம் வரும். நம் ஊர்க் காய்கறிக்கார அம்மாவே "தாதா, ஆலு கத்தோ?" (அண்ணா, உருளைக்கிழங்கு எவ்வளவு?) என்று பேரம் பேசுவார். வைத்தியத்துக்கு ஹவுராவிலிருந்து வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள். நம்ம தாதாவும் அப்படித்தான். வீட்டுக்காரம்மாவுக்கு ரேடியேஷன். தினமும் பத்து நிமிஷம்தான், ஆனால் தினமும். மற்ற நேரமெல்லாம் லாட்ஜ் அறையில் சும்மா இருக்க முடியாமல், மகன் ரயிலில் வரும்போது கிட்டாரை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

வழியில் ஜாக்கின் எர்த் வயர் அறுந்து போனது. ஈயம் வைத்துப் பத்த வைக்க என் கடைக்கு வந்தார். கல்கத்தாவில் செய்த பழைய கிட்டார், வார்னிஷ் போய் உள்ளங்கை படுகிற இடம் மட்டும் வெள்ளை மரமாகத் தேய்ந்திருந்தது. பத்த வைத்து ஆம்பில் சொருகினேன். "வாசிச்சுப் பாருங்க தாதா" என்றேன். தேறினதா என்று பார்க்க எல்லாரும் சினிமாப் பாட்டு ஒன்றை ஓட்டுவார்கள். இவர் ஒரே ஒரு சுரம் போட்டார். அது ஓய்கிற வரைக்கும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் "டீக் ஆச்சே" (சரியா இருக்கு) என்றார். கடைப்பையன் கையில் இருந்த டீ டம்ளரை வைக்காமல் நின்றான். அன்றைக்கே சனிக்கிழமை மாடிக்கு வரச் சொல்லிவிட்டேன்.

18 நவம்பர், மதியம்

அவர் காலடியில் பெடல் இருந்ததே, அது பெடல் ஸ்டீலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அது வால்யூம் பெடல், நான் கொடுத்தது. பெடல் ஸ்டீல் வேறு ஜாதி. நாலு காலில் நிற்கும், பத்துத் தந்தி. பெடலை மிதித்தாலோ முழங்காலால் தள்ளினாலோ குறிப்பிட்ட தந்தி மட்டும் இறுகும் அல்லது தளரும்.

அதற்கு ஏன் அவ்வளவு யந்திரம் என்றால் காரணம் இருக்கிறது. மடி ஸ்டீலில் தந்திகளைச் சும்மா மீட்டினாலே ஒரு மேஜர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, வருமாறு கட்டுவார்கள். தாதாவின் கட்டு தடித்த தந்தியிலிருந்து பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். பாரை நேராக வைத்து எங்கே போனாலும் மேஜர்தான். காந்தாரம் அரைச் சுரம் இறங்கிய மைனர் வேண்டுமானால் பாரைச் சாய்க்க வேண்டும், இல்லை அந்தக் காந்தாரத் தந்தியையே தொடாமல் விட வேண்டும். இந்தச் சிறையை உடைக்கத்தான் பெடல். 1954-ல் வெளியான அமெரிக்கப் பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில், ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துக் கார்டை வளைத்தார். அதைக் கேட்டு அமெரிக்கக் கன்ட்ரி இசைக்காரர்கள் எல்லாரும் பெடல் தேடி ஓடினார்கள்.

தாதாவுக்குப் பெடல் இல்லை. மைனர் வந்த இடங்களில் பாரைச் சாய்த்தார். ஆறு விரல்கடை நீள இரும்பை, இரண்டு தந்தியில் இரண்டு வேறு கோடு படும்படி கோணலாக வைத்து நகர்த்தினார். மேலே போகப் போகக் கட்டம் சுருங்கும் என்றேன் அல்லவா, அப்போது கோணமும் மாற வேண்டும். மாறியது.

19 நவம்பர், இரவு 11.30

தூக்கம் வரவில்லை. எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உறுத்துகிறது. முதல் நாளே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். இஞ்சினீயர் மாதிரி அளவு சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

முதல் முக்கால் மணி நேரம் அவர் வாசிக்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் ப்ளூஸ் வாசித்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லா சுரத்தையும் போட்டார்கள். அவர் கிட்டாரை மடியில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "தாதா, நீங்களும் போடுங்க" என்று ஜாடை காட்டினேன். கையால் பொறு என்றார். பிறகு ஒரு இடைவெளி வந்தபோது இரண்டே சுரம். டிரம்ஸ் பையன் திரும்பிப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தான். யாரும் சொல்லாமலே எல்லாரும் குறைத்தார்கள்.

அப்புறம் அந்த நர்சிங் மாணவி பாட வந்தாள். பழைய தமிழ்ப் பாட்டு. பயந்திருந்தாள், மைக்கைப் பிடித்த கை நடுங்கியதால் எனக்கு ஹெட்ஃபோனில் தடதடவென்று கேட்டது. பல்லவி நன்றாகப் போனது. அனுபல்லவியில் மேலே போகிற இடத்தில் காந்தாரம் எட்டவில்லை, கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டாள். கீபோர்டு சரியான சுரத்தில் நிற்க, இவள் கீழே நிற்க, முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

தாதா கீபோர்டுப் பையனைப் பார்த்தார். வெறும் பார்வைதான். அவன் கையை எடுத்துவிட்டான். உடனே ஸ்டீல் கிட்டார் அவள் நின்ற இடத்துக்கே இறங்கி வந்தது. சரியான சுரத்துக்கு அல்ல, அவள் நின்ற அந்தத் தவறான இடத்துக்கு. அங்கே அவளோடு ஒட்டி நின்றது. பிறகு பார் மயிரிழை மயிரிழையாக மேலே நகர்ந்தது, அவளும் தெரியாமலே கூடவே ஏறினாள். கோட்டுக்கு நேராக வந்ததும் நின்றார்கள். கேட்டவர்களுக்கு அது ஒரு நீண்ட கமகம். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அடுத்த முறை அதே இடம் வந்தபோது அவள் நேராக எட்டினாள், அவர் அங்கே வாசிக்கவே இல்லை.

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் வித்தை எங்கே என்றீர்கள். கட்டை போட்ட கிட்டாரில் இதைச் செய்வது கஷ்டம். கீபோர்டிலும் அப்படித்தான். வயலினில் முடியும். ஆனால் வாத்தியத்தால் முடியும் என்பதற்காக வாசிக்கிறவனுக்கு அது தோன்றிவிடாது.

21 நவம்பர்

இரண்டு பேர் கோட்டுவாத்தியத்தை இழுத்திருக்கிறீர்கள். நல்லது, எனக்கும் பிடித்த இடம்.

ஆமாம், வழுக்கி வாசிக்கிற வாத்தியம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் எல்லாம் வாசித்த வாத்தியம். சித்திரவீணை என்ற பெயரில் ரவிகிரண் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். வீணை மாதிரியே இருக்கும், மெட்டு (கட்டை) இருக்காது. மரக்கட்டையை வழுக்கி வாசிப்பார்கள், மொத்தம் 21 தந்தி. நம் கமகத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அபூர்வம்.

ஆனால் "ஹவாய்க்காரன் நம்மிடம் திருடினான்" என்று எழுதியதை ஏற்க முடியாது. இந்தியாவில் பிறந்த காப்ரியேல் டேவியன் என்ற மாலுமி 1880-களில் ஹவாயில் தந்தியை வழுக்கி வாசித்தார் என்று ஒரு கதை அங்கேயே உண்டு. இருக்கட்டும். அதை ஒரு முறையாக வளர்த்து, பாரைச் செய்து, தந்தியை உயர்த்தி, ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஜோசப் கெகுகு. ஓவாஹு தீவுப் பையன், பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்தது. 1904-ல் அமெரிக்காவுக்குப் போனவர் அங்கேயும் ஐரோப்பாவிலும் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் காலத்தைக் கழித்தார். வழுக்கலாம் என்று யாருக்கு வேண்டுமானாலும் தோன்றும். அதிலேயே ஐம்பது வருஷம் நிற்பவனுக்குத்தான் வாத்தியம் சொந்தம்.

மைக் செட்காரனாக எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது: கெகுகு இறந்தது 1932. அதே ஆண்டுதான் ரிக்கன்பேக்கர் கம்பெனியின் அலுமினிய எலெக்ட்ரிக் கிட்டார் விற்பனைக்கு வந்தது. வறுசட்டி மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நின்றது. அது மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார். இன்று உலகம் முழுக்கத் தோளில் தொங்குகிற எலெக்ட்ரிக் கிட்டாருக்கெல்லாம் மூத்தது மடியில்தான் பிறந்தது. ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்டுக்கு நடுவில் இந்த மெல்லிய சுரம் அமுங்கிப் போனதால்தான், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் கண்டுபிடிக்க வேண்டி வந்தது. மெல்லிய ஒன்றைக் கேட்க வைக்க வந்த தொழில் எங்களுடையது. சிலசமயம் அதை நாங்களே மறந்துவிடுகிறோம்.

22 நவம்பர், காலை

வங்காளத்தில் இது எப்படி இவ்வளவு பரவியது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு 1940-களில் கல்கத்தாவிலேயே தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். அது அங்கே வேர் பிடித்து, தாகூரின் பாட்டுகளான ரவீந்திர சங்கீதத்துக்கு வீட்டு வாத்தியமாகிவிட்டது. தாதா சொன்னார், அவர் சின்ன வயதில் அவர்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் ஹார்மோனியம், இல்லை ஹவாயன் கிட்டார், இரண்டில் ஒன்று கூடத்தில் இருக்குமாம். அப்புறம் பிரிஜ் பூஷண் கப்ரா ராகத்துக்குக் கொண்டுவந்தார். விஸ்வமோகன் பட் அதையே மோகன வீணையாக்கி 1994-ல் கிராமி வாங்கினார். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

25 நவம்பர், இரவு 9.20

என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கல்லூரிப் பையன் ஒருவன் முன்வரிசையில் இருந்து ஃபோனில் பதிவு செய்ததை இன்று அனுப்பினான். கடையில் நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டின் ஆரம்பத்தில் சத்தம் குத்தவே இல்லை. தெளிவாக, உயிரோடு இருக்கிறது. எனக்குக் குத்தியது நான் நின்ற இடத்தில், ஸ்பீக்கர் காதுக்கு நேரே இருந்ததால். நான் ட்ரெபிளைக் குறைக்கிற வினாடி பதிவில் அப்படியே தெரிகிறது. கம்பளியைப் போட்டு மூடின மாதிரி. பார் தந்தியில் ஏறுகிற அந்த நுனி, எங்கே கிளம்பி எங்கே சேர்கிறது என்று காட்டுகிற அந்த விளிம்பு, போய்விட்டது. வெறும் ஊளையாக ஓடுகிறது. இந்த இழையைத் தொடங்கிய தம்பி பின்வரிசையில் கேட்டது அந்த ஊளையைத்தான். அவருக்கு வித்தை தெரியாமல் போனதில் என் பங்கு இருக்கிறது.

அதற்கு நாலு வரி கழித்துத்தான் தாதாவின் வலது கை பிரிட்ஜ் பக்கம் போகிறது. தந்தியை ஓரத்தில் மீட்டினால் சத்தம் கூராகும், எல்லாரும் அறிந்ததுதான். சரணத்துக்கு நிறம் மாற்றுகிறார் என்று எழுதினேனே. இல்லை. நான் பொத்தானில் எடுத்துவிட்டதை அவர் கையால் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும், விரல் நோகும். அன்றிரவு கடைசி வரைக்கும் கையை அங்கேயே வைத்திருந்தார். என் பக்கம் திரும்பி ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை.

இருபது வருஷமாக மைக் செட் போடுகிறேன். "ட்ரெபிள் ஏத்து", "எக்கோ வை", "மானிட்டர் கேக்கல" என்று மேடையிலிருந்து கத்துகிறவர்களைத்தான் தெரியும். மனசு சரியில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

1 டிசம்பர்

நாளைக்கு என்று சொல்லி ஆறு நாள் ஆகிவிட்டது. நேற்று புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியதிலிருந்து இங்கேயும் விடாத மழை. கடையில் கரண்ட் இல்லை.

தாதா குடையோடு வந்தார். வெந்நீர் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போகிற வழி. உட்கார வைத்துக் கேட்டேவிட்டேன், பாதி இந்தி, பாதி எனக்குத் தெரிந்த வங்காளம். "நான் ட்ரெபிளைக் குறைச்சது தப்புதானே தாதா? ஏன் சொல்லல?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பாட்டு நடுவில் நிறுத்தி உன்னிடம் பேசினால் அந்தப் பையன்களுக்குத் தாளம் போய்விடுமே என்றார். அவ்வளவுதான் அவருக்கு அதில் இருந்த விஷயம். பிறகு, வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் ஒன்பது நாள் ரேடியேஷன் பாக்கி, தொண்டை புண்ணாகி எதுவும் இறங்கவில்லை, ஆறின கஞ்சி எந்த மெஸ்ஸில் கிடைக்கும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

4 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பியின் புதுப் பதிவைப் பார்த்தேன். வீட்டுக் கிட்டாரைப் படுக்கப் போட்டு ஸ்பேனரை வைத்து இழுத்தீர்களா? தந்தி கட்டையில் இடித்துக் கடகடவென்று வந்ததா? வரும். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சுரம்கூடச் சுத்தமாக நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திறந்த மனதோடு எழுதினதுக்கு நன்றி. அழுத்தாதீர்கள். பாரின் கனமே போதும், அது தந்தி மேல் சும்மா உட்கார வேண்டும், கை அதை நடத்திக்கொண்டு போனால் போதும்.

15 டிசம்பர், இரவு

தாதாவும் வீட்டுக்காரம்மாவும் வெள்ளிக்கிழமை, தீபத்தன்று, காட்பாடியில் ரயில் ஏறினார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த அம்மா இட்லி சாப்பிட்டேன் என்று விரலில் இரண்டு காட்டினார். ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு வருவார்கள். கிட்டார் மேல் பெர்த்தில் போர்வை சுற்றி வைத்திருந்தது.

தம்பி, கிட்டாரை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். புதுசு வாங்காதீர்கள், அந்தப் பழையதையே கொண்டு வாருங்கள். கழுத்து முனையில் தந்தி உட்காருகிற மேல் நட்டின் மீது, உயரமான இரும்பு நட் ஒன்று மாட்டித் தந்தியை ஒரு செ.மீ. உயர்த்திவிடலாம், மரத்தை வெட்ட வேண்டாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். தாதாவின் சுருதிக்குத் தந்தியை ஏற்றினால் உங்கள் கிட்டார் கழுத்து தாங்காது. அதற்குப் பதில் ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்தி மூன்றையும் ஒரு முழுச் சுரம் (இரண்டு கட்டை அளவு) இறக்குங்கள். அதே பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம்தான் வரும், கீழ்ச் சுருதியில். பார் என்னிடம் ஒன்று இருக்கிறது, கழுவித் தருகிறேன்.

நாளைக்கு மார்கழி. விடியற்காலை நாலரைக்குத் திருப்பாவை போட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து கடை திறக்கப் பத்து மணி ஆகும். அதற்கு மேல் வாருங்கள்.